லிஸ்பனில் என் பெயர்

ஜூன் 7, 1984. வியாழன்

ரயிலிலிருந்து இறங்கியதும் முதலில் கவனித்தது: அக்கா என்னை "வேவா!" என்று கூப்பிட்டாள்.

வீட்டில் நான் பேபா. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவோ ஜெனோவேவாதான். ஆனால் எங்கள் மலைப்பக்கத்தில் 'வ' யார் வாயிலும் வராது. எல்லாம் 'ப'தான். நாடு முழுக்க மாட்டுக்கு வாக்கா என்றால் எங்களுக்குப் பாக்கா. அதனால் பிறந்ததிலிருந்தே ஜெனோபேபா, சுருக்கமாகப் பேபா. நாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று அக்காவும் பேபா, பேபா என்றுதான் அழுதாள். இன்று மேல்பல்லை உதட்டில் வைத்து எவ்வளவு சுலபமாக வேவா! வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

வந்துவிட்டேன். லிஸ்பனில் இருக்கிறேன்.

நிலையத்துக்கு வெளியே வந்ததும் ஒரேயடியாகத் தண்ணீர். அக்கரையே சரியாகத் தெரியவில்லை. "கடல்!" என்று கத்திவிட்டேன். நானா கத்தினேன்? சுற்றிலும் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆறுடி அது," என்றாள் அக்கா. "தேஜோ. மெதுவாக் கத்து, ஊரு பேரக் கேட்டுடப் போறாங்க."

எங்கள் ஊர் ஆற்றை இதற்குள் நூறு தடவை கொட்டலாம்.

அல்ஃபாமாவில், நாலாவது மாடியில் அக்காவின் அறை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், அவள் சட்டைக் காலர் தைக்கும் பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஒரு நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரியின் போர்வையைத் தொடலாம், சந்து அவ்வளவு குறுகல். எனக்காகவே அக்கா வருஷ விடுப்பை இந்த வாரம் எடுத்திருக்கிறாள்.

அம்மா கொடுத்தனுப்பிய மூட்டையைப் பிரித்தோம். தொத்திறைச்சி, வால்நட், ரொட்டி, பிறகு கடிதம். அக்கா அதை மேலிருந்து படிக்கவில்லை. நேரே கடைசியைப் பார்த்தாள்.

"அதே," என்று சொல்லி மடித்தாள்.

அம்மா சொல்லச் சொல்ல வீட்டுக் கடிதங்களை எழுதுவது நான்தான். பன்றி குட்டி போட்டது, உருளைக்கிழங்கு எத்தனை மூட்டை, யார் செத்தார்கள். முடிவில் "நாங்கள் எல்லோரும் நலம்" என்று எழுதுவேன். அதற்கப்புறம் அம்மா பென்சிலை என்னிடமிருந்து வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் கையால் அடியில் ஒரே ஒரு சொல் எழுதுவாள். 'பெம்.' நலம் என்று அர்த்தம். பத்து வருஷத்துக்கு முன்னால், நாட்டில் புரட்சி முடிந்த வருஷம், மாணவர்கள் ஊருக்கு வந்து பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தபோது, கிழங்கு தோண்டும் காலம் வரும்வரை போய் வந்து கற்றுக்கொண்டது. பின்பக்கம் தொட்டால் தட்டுப்படும், அப்படி அழுத்தி எழுதுவாள்.

எல்லாக் கடிதங்களையும் அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறாள். தூக்கிப் போடவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 8

இந்த ஊரில் காபிக்குப் பெயர் பிக்கா. ப! எனக்காகவே வைத்த மாதிரி. நானே கடைக்காரரிடம் போய் "ஒரு பிக்கா" என்றேன். அவர் சிரிக்கவில்லை, திரும்பக் கேட்கவில்லை, கொடுத்துவிட்டார். மத்தியானத்துக்குள் நாலு குடித்தேன். நெஞ்சு படபடக்கிறது. காபியாலா, லிஸ்பனாலா?

மஞ்சள் டிராம் ஒன்று எங்கள் சந்துக்குப் பக்கத்துச் சந்தில் வீட்டுச் சுவர்களை உரசாத குறையாகப் போகிறது. அது வரும்போது ஜனங்கள் வாசற்படியில் ஒட்டிக்கொள்கிறார்கள், பேச்சை மட்டும் நிறுத்துவதில்லை. நாங்களும் ஏறினோம். வளைவில் நான் ஒரு பாதிரியார் மடியில் உட்கார்ந்துவிடப் பார்த்தேன். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊதாப்பூ மரங்கள். தெரு முழுக்க ஊதா. செருப்பில் ஒட்டி வீடு வரைக்கும் வருகிறது.

மேட்டிலிருக்கும் மைதானத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து செர்ரி தின்றபோது கேட்டுவிட்டேன். இதற்குத்தான் வந்தேன், ரயிலில் போர்த்தோ வரை கூட வந்த செலெஸ்தே அத்தையிடம் ஏழு மணி நேரம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு வந்தது இதைத்தான்.

"என்கூட வீட்டுக்கு வாயேன் அக்கா. ஒரு நாள் இருந்தாப் போதும்."

அக்கா கொட்டையைத் துப்பினாள். "போறவ போ, கதவு திறந்திருக்கும்னு நெனச்சுக்காதேன்னு சொன்னது யாரு?"

"கோபத்துல சொன்னது."

"கோபம் நாலு வருஷமா இருக்குமா? மாசம் ஒரு கடிதம் வருது. அந்தம்மா கையால ஒரே வார்த்தை. நலம். தந்தி ஆபீஸ்ல காசு மிச்சம் பிடிக்கிற மாதிரி. நான் எப்படி இருக்கேன்னு கேக்கல. வான்னு சொல்லல." இன்னொரு கொட்டையைத் துப்பினாள். "வான்னு ஒரு வார்த்தை, ஒண்ணே ஒண்ணு, எழுதட்டும். அடுத்த ரயில்ல வர்றேன்."

அம்மாவிடம் போய் "வா என்று எழுது" என்று நான் சொன்னால் எழுதுவாளா? மாட்டாள். எனக்குத் தெரியும். அக்காவின் பெயரை, தியோலிந்தா என்பதைக்கூட வாய்விட்டுச் சொல்லமாட்டாள். "அவ" என்பாள்.

மீதிச் செர்ரியை நானே தின்றேன். எங்கள் ஊர்ச் செர்ரியைவிடப் புளிப்பு. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அது எப்படியென்று தெரியவில்லை.

ஜூன் 9

கீழ்வீட்டு டோனா எர்மெலிந்தாவைப் பற்றி எழுத வேண்டும். மீன்காரியாக இருந்தவள், இப்போது முட்டிவலி, அதனால் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கிடைத்ததை விற்கிறாள். சந்தில் யார் போனாலும் ஒரு வார்த்தை எறியாமல் விடமாட்டாள்.

"ஏ வடக்கத்திப் பொண்ணு! உனக்கு வாய் இருக்கா, இல்ல வர்ற வழியில ரயில்லயே விட்டுட்டியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு படியேறினேன்.

"வாக்கான்னு ஒரு தரம் சொல்லிட்டுப் போ கண்ணு. நான் சிரிச்சு ஒரு மாசமாச்சு!"

ஆறாம் வகுப்பில் டீச்சர் என்னை எழுப்பி நிறுத்தி அதையேதான் சொல்லச் சொன்னாள். இருபது தடவை. அந்த வருஷக் கடைசியில் ஆடு மேய்க்க ஆள் வேண்டும் என்று அம்மா நிறுத்தியபோது, நான் படிப்பு போச்சே என்று அழவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

சாயங்காலம் அவளே ஒரு கிண்ணத்தோடு நாலு மாடி ஏறி வந்துவிட்டாள். கிண்ணம் நிறைய நத்தை! கொம்போடு! வேகவைத்து, பூண்டு போட்டு, ஊசியால் குத்தித் தின்கிறார்கள். அக்காவும் தின்கிறாள். என் அக்கா!

"சாப்பிடு, சாப்பிடு," என்றாள் எர்மெலிந்தா.

"எங்க ஊர்ல இத கோழிக்குத்தான் போடுவோம்," என்றேன். வாயிலிருந்து விழுந்துவிட்டது.

எர்மெலிந்தா கட்டிலே ஆடும்படி சிரித்தாள். "பேசிடுச்சு! அப்போ நான் லிஸ்பன் கோழி! கொக் கொக் கொக்!"

இரண்டு தின்றேன். மோசமில்லை.

ஜூன் 10, ஞாயிறு

கடல். கடல். கடல்.

கஷ்காய்ஸ் போகும் ரயில் கரையோரமாகவே ஓடுகிறது. சீட்டு நீயே வாங்கு, பழகு என்று அக்கா காசைக் கையில் திணித்தாள். இந்த இடத்தில்தான் சிக்கல். போய் வரும் சீட்டுக்கு "இடா இ வோல்ட்டா" என்று கேட்க வேண்டும். வோல்ட்டா! நேற்றிலிருந்து நான் வாய்க்குள் ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் சலித்துப் பார்க்கிறேன், எங்காவது வ மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று. இது மாட்டியது. பின்னால் நீண்ட வரிசை. "ரெண்டு இடா" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா சீட்டைப் புரட்டிப் பார்த்தாள். "போறதுக்கு மட்டும்தான் இருக்கு. நாம திரும்பி வரப்போறதில்லையா?"

"அங்க போய் வாங்கிக்கலாம்."

"அங்கயும் இடாதானே கேப்பே, லிஸ்பனுக்கு?"

ஆமாம் என்றேன். அவள் சிரித்து, என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "நானும் முதல் வருஷம் பேசவேயில்ல, தெரியுமா? பட்டறையில என்னை ஊமைன்னே நெனச்சாங்க. கண்ணாடி முன்னாடி நின்னு உதட்டைக் கடிச்சுக் கடிச்சுப் பழகினேன். ஒரு நாள் ரத்தமே வந்துடுச்சு."

பார்த்ததை எழுதத் தெரியவில்லை. தண்ணீர் சும்மா இருக்கவேயில்லை. பாவாடையைத் தூக்கிக்கொண்டு முழங்கால்வரை போனேன். குளிர் தாங்கவில்லை, நான் கத்தினேன், அக்கா கத்தினாள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் அங்கே எல்லோருமே கத்திக்கொண்டிருந்தார்கள். வாயில் உப்பு. உண்மையிலேயே உப்பு!

அம்மா இதைப் பார்த்ததில்லை. அக்காவிடம் அதைச் சொல்லப்போய், முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஜூன் 11

புனித அந்தோணியார் திருநாளுக்கு ஊர் தயாராகிறது. சந்து முழுக்கக் காகிதத் தோரணம். எர்மெலிந்தா வாசலில் நாற்பது ஐம்பது சின்னத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் பந்து மாதிரி வெட்டிவிட்ட மான்ஜெரிக்கு. சின்ன இலைத் துளசிதான். இந்த ஊர்க்காரர்கள் அதைக் காதலிக்கு வாங்கிக் கொடுப்பார்களாம். நான் குனிந்து முகரப் போனேன்.

"மூக்க எடு!" எர்மெலிந்தா கத்தியதில் ஒரு பூனை ஓடியது. "மூக்கு பட்டா வாடிடும். கையால தடவி, கைய மோந்து பாரு."

கையை வைத்தேன். முகர்ந்தேன். அடேயப்பா!

ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு காகிதக் கொடி செருக வேண்டும், அதில் நாலு வரிப் பாட்டு. பாட்டெல்லாம் அவள் தலைக்குள் இருக்கிறது, எழுதத்தான் தெரியாது. எழுதிக்கொடுத்த பக்கத்துவீட்டுப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டாளாம். அக்கா சும்மா இராமல், "எங்க வேவா கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

நாளைக்கு நான் எழுதப் போகிறேன்! நான் எழுதியதை லிஸ்பன்காரர்கள் காதலிக்குக் கொடுக்கப் போகிறார்கள்!

ஜூன் 12

எப்படி எழுதுவது இதை. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் எர்மெலிந்தா பக்கத்தில் இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் பாட்டைச் சொன்னாள்:

வா என் ஜன்னல் ஓரத்துக்கு,
வாடும் முன்னே பார்த்துவிடு;
கையால் தொட்டு முகர்ந்துவிடு,
காத்திருந்தாய் என்றுவிடு.

முதல் சொல்லே 'வெம்'. வா என்று அர்த்தம். முதல் பத்துக் கொடிகளை அவள் வாயைப் பார்த்து எழுதினேன். பாட்டு மனப்பாடம் ஆனதும் அவள் வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டாள், நான் எனக்குள் முணுமுணுத்துக்கொண்டே மீதியை எழுதினேன். சிவப்பு மையில், ஓரத்தில் பூப்போட்டு. முப்பதுக்கு மேல். எல்லாம் மத்தியானத்துக்குள் விற்றுவிட்டன. ஒரு கிழவர், ஒரு சிப்பாய், சிரித்துக்கொண்டே இரண்டு தொட்டி வாங்கிய ஒருவர். இரண்டு காதலியா? நான் தலையே நிமிரவில்லை, ஆனால் உள்ளே குதித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு டிராம் கண்டக்டர் ஒருவர் தொட்டியோடு திரும்பி வந்தார். கூட அவர் கட்டிக்கொள்ளப் போகிற பெண், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி.

"டோனா எர்மெலிந்தா, இது என்ன பாட்டு? 'நலம் என் ஜன்னல் ஓரத்துக்கு'! நான் இவள கூப்பிட்டனா, காய்ச்சல் விசாரிச்சனா?"

எர்மெலிந்தா கொடியை என் பக்கம் நீட்டினாள். பார்த்தேன். வெம் என்று இருக்க வேண்டிய இடத்தில் என் அச்சு மாதிரி எழுத்தில், ஓரத்தில் பூவோடு: பெம்.

எங்கள் வாயில் இரண்டும் ஒன்றுதானே. வா என்பதும் பெம். நலம் என்பதும் பெம். முணுமுணுத்துக்கொண்டு எழுதினேனா, கை என் வாயைக் கேட்டுவிட்டது.

"அப்போ முப்பது தொட்டியும்!" எர்மெலிந்தா தொடையில் அடித்துக்கொண்டாள். "முப்பது பேர் இன்னைக்குக் காதலிகிட்ட போய் உடம்பு விசாரிச்சிட்டிருக்கானுங்க! ஏ குட்டி, அழாதே, இப்படி ஒரு திருநாள் எனக்கு வாய்க்கவேயில்ல!"

அந்தப் பெண், "இது எனக்கே இருக்கட்டும், மாத்த வேண்டாம்" என்று கொடியைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டாள்.

அழவில்லை நான். காது எரிந்தது, தரை பிளக்கட்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அடுத்த நொடி அதெல்லாம் மறந்துவிட்டது. ஏனென்றால் அந்தச் சிவப்பு எழுத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பென்சிலில். அழுத்தி.

நாலு மாடி ஓடினேன். அக்கா மத்தி மீன் வாங்கப் போயிருந்தாள். டப்பாவைத் திறந்தேன். நாற்பத்தாறு கடிதங்கள். எல்லாவற்றிலும் நான் எழுதிய "நாங்கள் எல்லோரும் நலம்". அதற்கு அடியில் அம்மா: பெம்.

நான் நலம் என்று எழுதி முடித்த பிறகு அம்மா எதற்கு இன்னொரு நலம் எழுதுகிறாள்?

எத்தனை தடவை என் கையிலிருந்து பென்சிலைக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே. எழுதத் தெரிந்தவள் நான், எழுதத் தெரியாதவள் அம்மா, அவள் என்ன எழுதிவிடப் போகிறாள் என்றுதானே இருந்தேன்?

இப்போது சந்தெல்லாம் மீன் புகை, அக்கார்டியன், கூச்சல். கீழே அக்கா எர்மெலிந்தாவோடு ஆடுகிறாள். சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வேன்? இன்று அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள். தப்பாக இருந்தால்?

நாளைக்கு.

ஜூன் 13, புதன். அந்தோணியார் திருநாள்

சொல்லிவிட்டேன்.

காலையில் கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ரொட்டி வாங்கிக்கொண்டு வந்து, பிக்கா போட்டுக் குடித்தோம். அக்கா ஜன்னலோரம் நின்று முடியைச் சீவிக்கொண்டிருந்தாள். டப்பாவைக் கட்டிலில் வைத்தேன்.

"அக்கா. அம்மா எழுதினது பெம் இல்ல."

"பின்னே?"

"பெம்."

அவள் திரும்பினாள். "என்னடி உளர்றே?"

"பெம் இல்ல அக்கா, பெம்! நேத்து நான் கொடியில எழுதினேன்ல, அந்த மாதிரி... பெம்னு எழுதிட்டு... அது பெம்..."

"நேத்து குடிச்ச ஜிஞ்ஜா போதை இன்னும் இறங்கலையா உனக்கு?"

அழுகை வந்துவிட்டது எனக்கு. இவ்வளவு பெரிய விஷயம், ஒரு எழுத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. சீப்பைப் பிடுங்கிக் கீழே வைத்தேன். அவள் கண்ணாடி முன்னால் பழகினேன் என்று சொன்ன மாதிரி மேல்பல்லை உதட்டில் வைத்தேன். டீச்சர் ஞாபகம் வந்தது, வகுப்பே சிரித்தது ஞாபகம் வந்தது. வரட்டும்.

"வ்வ்... வ்வெம்."

அக்கா என் உதட்டையே பார்த்தாள்.

"வெம். வான்னு எழுதியிருக்கா. நம்ம வாயால எழுதியிருக்கா. நலம்னு நான் எழுதி முடிச்சப்புறம்தானே பென்சில வாங்குவா? என்கிட்ட சொல்லி எழுத வைக்க வெக்கம் அவளுக்கு. நாலு வருஷமா மாசாமாசம் வா, வான்னு எழுதிட்டிருக்கா. நீ 'நானும் நலம்'னு பதில் போட்டுட்டிருக்கே!"

அப்போதுதான் எனக்கே இன்னொன்று ஞாபகம் வந்தது. அக்காவின் பதிலை நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். "நானும் நலம், தியோலிந்தா" என்று முடித்ததும் அம்மா ஒவ்வொரு தடவையும், "அவ்ளோதானா? அடியில வேற ஒண்ணுமில்லையா?" என்பாள். இல்லை என்பேன். எழுந்து ஆட்டைப் பார்க்கப் போய்விடுவாள்.

அதையும் சொன்னேன்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு கடிதத்தை எடுத்தாள், அடியைப் பார்த்தாள், வைத்தாள். அடுத்தது. அடுத்தது. பத்துப் பன்னிரண்டுக்கு அப்புறம் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பின்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"கீழ போய் ரொட்டி வாங்கிட்டு வா," என்றாள்.

ரொட்டி நாற்காலிமேலேயே இருந்தது. நான் போய் வாங்கிவந்தேன்.

ஜூன் 14

அக்கா ஒரே பாவாடையை மூன்று தடவை இஸ்திரி போட்டாள்.

சாயங்காலம் திடீரென்று: "நீ நெனச்சது தப்பா இருந்தா? வாசல்ல நின்னுட்டு, நலம்னுதான்டி எழுதினேன், உன்னை யார் கூப்பிட்டான்னு கேட்டா?"

எனக்குத் தெரியாது, அதுதான் உண்மை. "தெரியாது அக்கா," என்றேன். "கேட்டா அடுத்த ரயில்ல திரும்பிடலாம். இடா இ போல்ட்டா வாங்கிட்டுப் போவோம்."

"போல்ட்டா," என்றாள் அவள்.

"போல்ட்டா," என்றேன்.

இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கீழேயிருந்து எர்மெலிந்தா துடைப்பக் கட்டையால் படிக்கட்டுக் கைப்பிடியைத் தட்டினாள், என்னையும் கூப்பிடுங்கடி என்று.

ஜூன் 15

இன்று காலை அக்கா என்னை "பேபா, எழுந்திரு" என்று எழுப்பினாள்.

ஜூன் 16, சனி

மாவு மூட்டைமேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். எங்கள் வீட்டு மேசையில் இன்று எனக்கு இடமில்லை.

விடியும்போது லிஸ்பனில் ஏறினோம். எர்மெலிந்தா ஒரு மான்ஜெரிக்குத் தொட்டியைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தாள். விற்காத கடைசித் தொட்டி என்றாள், பொய். கொடியில் நான் எழுதியதுதான், தப்போடு. "உங்க ஊருக்கு இதுதான் சரியான பாஷை," என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். "அடுத்த வருஷமும் வந்து எழுதிக்கொடு வேவா. இந்த வருஷம் மாதிரியே எழுது. சனங்க அதைத்தான் கேப்பாங்க."

"வர்றேன்," என்றேன். வ-வோடு. இனி அது எனக்குத் தெரியும், வேண்டும்போது எடுத்துக்கொள்வேன்.

போர்த்தோவில் மாறி, மறுபடி மாறி, மலையேறும் சின்ன ரயில். அக்கா தொட்டியை மடியைவிட்டு இறக்கவேயில்லை. எதிரே உட்கார்ந்த ஒருவர் அதன்மேல் மூக்கைக் கொண்டுவந்தபோது, "மூக்க எடுங்க!" என்று எர்மெலிந்தா குரலிலேயே கத்தினாள். அரை மணிக்கொரு தரம் இலைமேல் உள்ளங்கையை வைத்து முகர்ந்துகொண்டாள். எங்கள் ஊருக்கு முந்தின மலைக்குகையை ரயில் தாண்டியதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

எங்கள் நிறுத்தத்தில் அம்மா நின்றிருந்தாள். கழுதையைப் பிடித்துக்கொண்டு, கறுப்பு முக்காட்டோடு, என் ஒருத்திக்காக. தூரத்திலிருந்தே கண்ணை இடுக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துவந்தாள்.

ரயில் நின்றது. அக்கா எழுந்தாள், அப்புறம் அசையவில்லை.

நான் அவள் கையிலிருந்து தொட்டியை வாங்கிக்கொண்டேன். அவள் முதலில் இறங்கட்டும் என்று கதவோரம் ஒதுங்கி நின்றேன்.